சிறுவர் கால்களுக்கு ஒரு மைதானம்



அமெரிக்கச் சிற்றூர்களில் கோடைக்காலத்து மாலை ஆறு மணிக்கு ஊரே பேஸ்பால் மைதானத்தில்தான் இருக்கும். வேலை முடிந்து நேரே வந்த அப்பா, மாற்றாத சட்டையோடு பலகைப் படியில் உட்கார்ந்திருப்பார். ஓரத்துக் கடையிலிருந்து ஹாட் டாக் வாசனை வரும். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்கர் கல்யாண நாளைக்கூட மறந்திருக்கலாம். பத்து வயதில் தான் பிடித்த கேட்ச்சை மட்டும் மறந்திருக்க மாட்டார்.

இளமை போய்விட்டதே என்ற ஏக்கம் மட்டுமா இது? அந்த ஆட்டத்தை அளவெடுத்துத் தைத்த ஒருவருக்கும் இதில் பங்குண்டு.

அவர் பெயர் கார்ல் ஸ்டாட்ஸ். பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் சாதாரண எழுத்தர். பெரியவர்கள் ஆடும் பேஸ்பாலில் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி ஓட வேண்டும். பந்து வீசும் தூரம் 60 அடி 6 அங்குலம். நம் கிரிக்கெட் பிட்ச்சைவிட ஐந்தரை அடிதான் குறைவு. பத்து வயதுப் பையன் என்ன செய்வான்? 1938 கோடையில் ஸ்டாட்ஸ் அக்கம்பக்கத்துச் சிறுவர்களை ஓடவிட்டுப் பார்த்தார். தூரத்தைக் குறைத்துக் குறைத்து மீண்டும் ஓடவிட்டார். பேஸ்களுக்கு இடையே 60 அடி என்று முடிவானது. பந்து வீசும் தூரம் பின்னாளில் 46 அடியில் நிலைத்தது. ஒன்பது இன்னிங்ஸும் ஆறாகச் சுருங்கியது.

இந்த ஆறில்தான் சூட்சுமம். அங்கே ஜூன் மாதத்தில் எட்டரை மணிக்குப் பிறகே சூரியன் மறையும். வேலை முடிந்து வருகிறவர்கள், விளக்கே இல்லாத மைதானத்தில், இருட்டுவதற்குள் ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்துவிடலாம்.

1939 ஜூன் 6 அன்று, ஸ்டாட்ஸ் தொடங்கிய லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் முதல் ஆட்டம் நடந்தது. நன்கொடை கொடுத்த கடைகளின் பெயர்களே அணிகளுக்கும். லண்டி லம்பர் என்ற மரக்கடை அணி, லைகோமிங் டெய்ரி என்ற பால்பண்ணை அணியை 23-8 என்று வென்றது.

ஆனால் அந்த மைதானத்துக்குள் எல்லாப் பிள்ளைகளையும் விட்டார்களா என்றால், இல்லை. 1955-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், கேனன் ஸ்ட்ரீட் ஒய்.எம்.சி.ஏ. என்ற கறுப்பினச் சிறுவர் அணி போட்டிக்குப் பெயர் கொடுத்தது. வெள்ளையர் அணிகள் அத்தனையும் விலகிக்கொண்டன. எதிர்த்து ஆட ஆளில்லை. ஆடி வெல்லாத அணிக்கு மேலே போக விதியில்லை. அந்தச் சிறுவர்கள் வில்லியம்ஸ்போர்ட்டில் நடந்த லிட்டில் லீக் உலகத் தொடருக்கு விருந்தினராக வந்து, மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்தார்கள். அவர்களையும் ஆடவிடச் சொல்லிக் கூட்டம் கத்தியது. பலனில்லை.

பெண் பிள்ளைகளுக்கும் கதவு அடைத்தே இருந்தது. 1972-ல் நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற சிறுமி மூன்று ஆட்டங்கள் ஆடினாள். அதற்குள் லிட்டில் லீக் தலைமையகத்தின் எதிர்ப்பு வந்து சேர, அணியிலிருந்து விலக நேர்ந்தது. வழக்கு நடந்தது. 1974-ல் விதி மாறியது. அப்போது மரியாவுக்கு ஆடும் வயது கடந்துவிட்டது! அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் ஒருத்தி மோனே டேவிஸ். 2014 உலகத் தொடரில் எதிரணிக்கு ஓர் ஓட்டம்கூடத் தராமல் பந்து வீசி வென்றாள். அந்தத் தொடரில் இதைச் செய்த முதல் பெண் அவள்தான். கோடை மாலை நினைவுகளை இனிப்பாகவே பேசுகிறவர்கள் மரியாவையும் சார்ல்ஸ்டன் சிறுவர்களையும் சேர்த்தே பேசினால் நல்லது.

இன்று அந்தத் தொடர் தொலைக்காட்சியில் பெரிய வியாபாரம். ஆனால் மைதானத்துக்குள் போக இப்போதும் கட்டணம் கிடையாது. தொடர் நடக்கும் லமாட் அரங்கின் பின்னால் ஒரு புல்மேடு உண்டு. அட்டைப் பெட்டியைக் கிழித்து விரித்து, அதில் உட்கார்ந்து சறுக்குவதற்கென்றே பிள்ளைகள் வருவார்கள். ஆட்டத்தைப் பார்ப்பது அப்புறம்தான். 2017 முதல், பெரிய லீக் அணிகள் இரண்டு ஆகஸ்டில் அந்த ஊருக்கு வந்து ஓர் ஆட்டம் ஆடுவது வழக்கமாகிவிட்டது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் அந்த வீரர்கள் பகலில் சிறுவர்களின் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களில் சிலர் அட்டையை வாங்கிக்கொண்டு அதே மேட்டில் சறுக்கவும் செய்கிறார்கள்.