மன்றத்து எண்ணிக்கையும் நம் மக்களும்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் மேடையில் நாடாளுமன்றக் கோஷ்டிப் பூசல்களைப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். கரிசல் காட்டிலும் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் உழைத்த நம் மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் விடுதியும் அரசின் ஆணையால் வந்தவை. அந்த அரசை ஆக்குவதும் அழிப்பதும் மன்றத்தின் எண்ணிக்கையே. ஆகவே அதனை அறிவதும் கல்வியே ஆகும்.

1977இல் ஸ்தாபன காங்கிரஸ், ஜனசங்கம், பாரதிய லோக தளம், சோஷலிஸ்டுக் கட்சி ஆகியவை ஜனதா என்னும் ஒரே பெயரில் தேர்தலில் நின்றன. காங்கிரஸை விட்டு விலகிய பாபு ஜெகஜீவன்ராம் அவற்றோடு உடன்பாடு கொண்டார். வெற்றி கிட்டியதும் பிரதமர் பதவிக்கு மொரார்ஜி தேசாய், சரண்சிங், ஜெகஜீவன்ராம் ஆகிய மூவரின் பெயர்களும் எழுந்தன. சரண்சிங் தம் ஆதரவை மொரார்ஜிக்கு அளிக்கவே, ஜெகஜீவன்ராமின் வாய்ப்பு மங்கிற்று. 1975இல் நெருக்கடி நிலைத் தீர்மானத்தை அவையில் முன்மொழிந்தவர் அவர் என்னும் குறையும் கூறப்பட்டது.

கட்சி ஒன்றாயிற்று, குழுக்கள் ஒன்றாகவில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது உறுப்பினர்கள் கூட்டங்கூட்டமாக விலகினர். 1979 ஜூலை 15 அன்று மொரார்ஜி பதவி விலகினார். ஜூலை 28இல் இந்திரா காங்கிரஸின் ஆதரவோடு பதவியேற்ற சரண்சிங், அவ்வாதரவு விலக்கப்பட்டதும், மக்களவையைச் சந்திக்காமலே ஆகஸ்ட் 20இல் விலகினார். அப்போது ஜனதா நாடாளுமன்றக் கட்சியின் தலைவராயிருந்த ஜெகஜீவன்ராம் ஆட்சியமைக்க உரிமை கோரினார். வாய்ப்பு அளிக்கப்படவில்லை. ஆகஸ்ட் 22இல் அவை கலைக்கப்பட்டது.

1946 முதல் அமைச்சராகப் பழகியவர். 1971 போரின்போது பாதுகாப்பு அமைச்சராயிருந்தவர். ஆற்றலில் அவருக்கு என்ன குறை? சரண்சிங்கின் பின்னே வடநாட்டு உழவர் சாதிகளின் வாக்கும், அதனால் வென்ற உறுப்பினர் குழுவும் நின்றன. தனித்தொகுதி உறுப்பினர்களோ கட்சிதோறும் சிதறி நின்றனர்.

இதன் வேரை 1932இல் காணலாம். வகுப்புவாரித் தீர்ப்பு மாகாண சட்டசபைகளில் நமக்கு 71 இடங்களைத் தனி வாக்காளர் தொகுதிகளாக வழங்கிற்று. பூனா ஒப்பந்தம் அவற்றை 148 ஆக உயர்த்தி, கூட்டுத் தொகுதிகளாக்கிற்று. இடம் இரட்டித்தது, தேர்ந்தெடுக்கும் கை மாறிற்று. தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவராயினும், அவருக்குச் சீட்டு வழங்குவது கட்சி. அவரை வெல்லச் செய்வது பெரும்பாலும் பிறரின் வாக்கு.

1999 ஏப்ரல் 17இல் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்னும் கணக்கில், ஒரே வாக்கில் வீழ்ந்தது. இன்று மக்களவையில் நமக்குரிய தனித்தொகுதிகள் 84. அண்டையிலுள்ள தென்காசியும் அவற்றுள் ஒன்று. அந்த 84 பேர் சேர்ந்து நின்றால் எந்த அரசு செவிசாய்க்காது? ஆனால் 1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டத்தால், கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்க நேரிடும். விலைக்குப் போவோரைத் தடுக்க வந்த சட்டம், மனச்சான்றின்படி நிற்போரையும் கட்டுகிறது.

ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. வினா எழுப்புவதற்குக் கொறடாவின் தடை இல்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழுவில் இரு அவைகளையும் சேர்ந்த 30 உறுப்பினர் பல கட்சியினராய்க் கூடி அமர்கின்றனர். கொறடாவின் ஆணை பிறக்குமுன் கட்சிக்குள்ளே பேசவும் இடமுண்டு.

இளைஞர்களே! நீங்கள் வெவ்வேறு கட்சிகளில் இருக்கிறீர்கள், இருங்கள். ஆனால் கொடிக்கம்பத்துச் சண்டையை இச்சங்கத்தின் படிப்பகத்துக்குள் கொண்டுவராதீர்கள். உதவித்தொகை, விடுதி, நிலம், வேலை ஆகிய நான்கிலும் எக்கட்சி மேடையிலும் ஒரே கோரிக்கையை வையுங்கள். நம் உறுப்பினர் அவையில் என்ன கேட்டார் என்பதை ஆண்டுதோறும் எழுதி இங்கே படித்துக் காட்டுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் அந்த ஏட்டை விரித்து வையுங்கள். டெல்லியில் நமக்கென ஓர் அணி அமைய வேண்டுமாயின், முதலில் நம் தெருவில் ஒரு கணக்கு வேண்டும். அக்கணக்கை எழுதும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்து அமைகிறோம்.