நிறம் மாறாத குழாய்

நோயோடு வாழ்ந்துகொண்டே இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே, அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே, மருமக்களே, பேரப்பிள்ளைகளே,

இன்று ஏப்ரல் 11. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1755-இல் பிறந்த நாள். நடுக்குவாதத்தைப் பற்றி 1817-இல் அவர் ஒரு சிறு நூல் எழுதினார். ஆறே ஆறு நோயாளிகளைப் பற்றிய நூல் அது. அவர்களிலும் சிலரைத் தெருவில் பார்த்து, அவர்கள் நடையைக் கவனித்து எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆண்டுதோறும் இந்த நாளில் உலகம் அவரை நினைக்கிறது. நினைக்கட்டும்.

நான் இன்னொருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காலையில் அப்பாவை எழுப்பியதும் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பாக ஒரு மாத்திரை கொடுக்கிறீர்களே, லெவோடோபா கலந்த அந்த மாத்திரை, அதற்கு வழி திறந்த மனிதரின் பெயர் இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஓலே ஹார்னிகீவிச். வியன்னா நகரத்து ஆராய்ச்சியாளர்.

1926-இல் லிவிவ் நகருக்கு அருகே பிறந்தவர். அன்று அது போலந்து, இன்று உக்ரைன். போர் மூண்ட காலத்தில் குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. 1951-இல் அங்கே மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளி பார்க்கப் போகவில்லை, மருந்தியல் ஆய்வகத்துக்குள் போனார். 1956-இல் ஆக்ஸ்போர்டு சென்று ஹெர்மன் பிளாஷ்கோ என்ற பேரறிஞரிடம் சேர்ந்தார். நம் உடம்பில் டோபமைன் என்றொரு பொருள் இருக்கிறது. நோர்அட்ரினலின் உண்டாகும் வழியில் வந்துபோகும் ஓர் இடைப்பொருள், அதற்கென்று தனி வேலை ஏதும் கிடையாது என்றுதான் அன்று பலரும் எண்ணியிருந்தார்கள். பிளாஷ்கோவுக்கு அதில் ஐயம். அதை இந்த இளைஞரிடம் ஒப்படைத்தார். கினிப்பன்றிகளின் ரத்த அழுத்தத்தை அளந்து, டோபமைனுக்குத் தனிச் செயல் உண்டு என்று காட்டினார் ஹார்னிகீவிச்.

அதே வேளையில் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் ஒரு சோதனை செய்தார். சர்ப்பகந்தி நம் மண்ணில் விளையும் மூலிகை. அதிலிருந்து எடுக்கும் ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, அசைவற்றுக் கிடந்தன. பிறகு டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். சற்று நேரத்தில் அவை எழுந்து ஓடின. 1957-இல் இது வெளிவந்தது. மூளையில் டோபமைன் உண்டு, அசைவோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று அடுத்தடுத்துத் தெரிய வந்தது.

ஆனால் முயல் முயல்தான். மனிதனுக்கு என்ன நேர்கிறது? இதைத் தெரிந்துகொள்ள ஹார்னிகீவிச் எடுத்த முடிவுதான் என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையின் மிகப்பெரிய தருணம். விலங்குகளை விட்டுவிட்டு மனித மூளையையே பார்ப்பது என்று தீர்மானித்தார். 1959-இல், 32 வயதில், ஹெர்பர்ட் எரிங்கர் என்ற இளம் மருத்துவரோடு வேலையைத் தொடங்கினார். இறந்தவர்களின் மூளையைப் பிணப்பரிசோதனைக் கூடங்களிலிருந்து பெற்று, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஆழமான பகுதியைத் தனியே பிரித்து, அயோடின் சேர்த்து நிறம் பார்க்கும் ஒரு சோதனையைச் செய்தார்கள். டோபமைன் இருந்தால் குழாயில் இளஞ்சிவப்பு தோன்றும். இந்த நோய் இல்லாதவர்களின் மூளையில் இளஞ்சிவப்பு தோன்றியது. பார்கின்சன் நோயால் இறந்தவரின் மூளைச்சாற்றில் மருந்தைக் கலந்தார்கள். நிறம் வரவில்லை என்றே சொல்லலாம். கருவியில் எண்ணைப் படிப்பதற்கு முன்பே வெறும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நூற்று நாற்பது ஆண்டுகளாக ஏன் என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு நோய்க்கு அந்த நிறம் மாறாத குழாய் விடை சொன்னது.

1960 டிசம்பரில் ஜெர்மன் மொழி இதழ் ஒன்றில் கட்டுரை வெளிவந்தது. அதில் பார்கின்சன் நோயாளிகளின் மூளை எத்தனை? ஆறு. 1817-இலும் ஆறு, 1960-இலும் ஆறு.

இத்தோடு அவர் நின்றிருந்தாலும் வரலாற்றில் இடம் கிடைத்திருக்கும். பலர் அப்படித்தான் நிற்பார்கள். கண்டுபிடித்தோம், எழுதினோம், சிகிச்சை மற்றவர்கள் பாடு என்று. இவர் நிற்கவில்லை. குறைவது டோபமைன் என்றால் அதைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் டோபமைனை ரத்தத்தில் ஏற்றினால் மூளைக்குள் நுழையாது. டோபா நுழையும். நுழைந்த பிறகு அங்கே டோபமைனாக மாறும். வியன்னாவின் லைன்ஸ் முதியோர் மருத்துவமனையில் வால்டர் பிர்க்மாயர் என்ற நரம்பியல் மருத்துவர் இருந்தார். அவரிடம் டோபாவைக் கொடுத்து, உங்கள் நோயாளிகளுக்குச் செலுத்திப் பாருங்கள் என்று கேட்டார். அவர் எளிதில் இசையவில்லை. மாதங்கள் கழிந்தன. 1961 ஜூலையில் ஊசி போட்டார்கள்.

பெரியோர்களே, அன்று அந்த வார்டில் நடந்ததை நீங்கள் மற்ற எவரையும்விட நன்றாக உணர்வீர்கள். படுக்கையில் எழுந்து உட்கார முடியாதவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் நடந்தார்கள். முணுமுணுப்பாய்ப் போயிருந்த குரல் தெளிந்தது. சில மணி நேரந்தான், பிறகு மருந்து இறங்கிவிட்டது. ஆனாலும் பூட்டிக் கிடந்த உடம்பு திறக்கும் என்று தெரிந்துவிட்டது. அதே ஆண்டு கனடாவின் மான்ட்ரியலிலும் ஒரு குழுவினர் டோபாவை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள்.

உலகம் உடனே ஏற்கவில்லை. அங்கங்கே முயன்ற மருத்துவர்கள் சிலர் பலனில்லை என்றார்கள், சிலர் வெறும் நம்பிக்கையின் விளைவு என்றார்கள். ஆறு ஆண்டுகள் இழுபறி. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், சிறு அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டி, வாய்வழியாகப் பெரிய அளவுவரை கொண்டுபோனார். அதன் பிறகுதான் ஐயம் தீர்ந்தது. 1970-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. குமட்டலைக் குறைத்து, குறைந்த அளவிலேயே பலன் கிடைக்கச் செய்யும் துணைமருந்துகள் பிறகு சேர்ந்தன.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து இந்த டோபாவைப் பிரித்தெடுத்து 1937-இல் ஆய்வுக்கட்டுரை எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். அது மூளைக்கு மருந்தாகும் என்று அன்று உலகில் எவருக்கும் தெரியாது. இதைச் சொன்னவுடன் நாளைக் காலை பூனைக்காலிப் பொடி வாங்கப் போய்விடாதீர்கள். எவ்வளவு டோபா உள்ளே போகிறது என்ற கணக்கில்லாமல் மாத்திரையோடு அதைச் சேர்ப்பது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

ஹார்னிகீவிச் 1968 வாக்கில் கனடாவின் டொரன்டோவுக்குப் போனார். 1976-இல் வியன்னா திரும்பி, தனி ஆய்வு நிலையத்துக்குத் தலைமை ஏற்று, ஓய்வுக்குப் பிறகும் மூளையை ஆராய்ந்துகொண்டே இருந்தார். 1979-இல் கார்ல்சனோடு சேர்ந்து உல்ஃப் பரிசு பெற்றார். 2000-இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட நரம்பியல் அறிஞர்கள் கையெழுத்திட்டு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் எழுதியது நியாயம். கார்ல்சன் தகுதியானவர் என்பதில் மறுப்பில்லை. ஆனால் மனித மூளையில் குறையைக் கண்டவரை, கண்டதைக் கையோடு நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுபோனவரை விட்டது பிழை. இந்த மேடையில் அதை அழுத்திச் சொல்கிறேன். 2020 மே மாதம், 93 வயதில் அவர் மறைந்தார்.

அவர் தந்தது முழு நிவாரணம் அல்ல. மாத்திரை டோபமைன் குறையை ஈடுசெய்கிறது, செத்துக்கொண்டிருக்கும் செல்களைக் காப்பாற்றவில்லை. சில ஆண்டுகள் போனால் வேண்டாத அசைவுகள் வருகின்றன, வேளைக்கு முன்பே மருந்து இறங்கிவிடுகிறது. உங்கள் வீடுகளில் தினமும் பார்க்கிறீர்கள். அந்தச் செல்கள் ஏன் சாகின்றன என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அந்தக் கேள்விக்கும் மனித மூளையைத்தான் பார்க்க வேண்டும்.

1960-இல் அந்த ஆறு பேரின் மூளை கிடைத்திராவிட்டால் இன்று உங்கள் வீட்டில் மாத்திரை இல்லை. அந்த ஆறு பேரை உலகம் அறியாது. கண்தானம் நமக்குத் தெரியும், உடல்தானம் தெரியும். மூளையையும் தானமாகத் தரலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் மனித மூளை வங்கி இருக்கிறது. நோய் உள்ளவர் மூளையும் வேண்டும், நோயில்லாதவர் மூளையும் வேண்டும். ஒப்பிடாமல் எந்தக் குழாயின் நிறமும் பொருள் தராது. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், விருப்பமுள்ளவர்கள் முன்கூட்டியே குடும்பத்தாரிடம் சொல்லி வைக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது மாத்திரை அளவைக் கேட்பதோடு இதையும் கேளுங்கள், பிள்ளைகளிடமும் மனம்விட்டுப் பேசுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.