வரப்பு வழிந்தால் மடையைப் பார்

கொட்டாரம் பக்கத்து வயலில் தண்ணீர் வரப்பு மீறி வழிந்தால் விவசாயி முதலில் வடிமடையைத்தான் போய்ப் பார்ப்பார். கைக்குழந்தையின் கண்ணில் ஓயாமல் நீர் வழிவதும் பெரும்பாலும் அப்படித்தான். கண்ணீர் கூடிப்போகவில்லை, வடிகிற வழி அடைத்திருக்கிறது.

கண்ணீர், இமையோரத் துளைகளில் புகுந்து, மூக்கோரத்துச் சிறு பையில் சேர்ந்து, குழாய் வழியே மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். குழாயின் அடியில் உள்ள மெல்லிய சவ்வு, குழந்தை பிறக்கும் சமயத்தில் திறந்துவிட வேண்டும். சில பிள்ளைகளுக்குத் திறப்பதில்லை. நீர் தேங்குகிறது, பீளை தள்ளுகிறது, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது.

உடனே வீட்டில் பெரியவர்கள், "ரெண்டு சொட்டு தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு" என்பார்கள். இரண்டும் வேண்டாம், கண்மையும் வேண்டாம். கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் துடைத்தால் போதும்.

மருத்துவர் மூக்கோரத்தை அழுத்திப் பார்ப்பார். பையில் தேங்கியது கண்ணுக்குள் எதிர்த்து வரும். மஞ்சள் சாயச் சொட்டு விட்டு, ஐந்து நிமிடத்தில் அது வடிகிறதா என்றும் பார்ப்பதுண்டு.

முதல் மருந்து தாயின் விரல். 1923இல் கிரிக்லர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்த முறை இது. நகம் வெட்டி, கை கழுவி, ஆள்காட்டி விரலைக் கண்ணின் உள்மூலையில் வைத்து, சற்று அழுத்தி மூக்கோரமாகக் கீழே இறக்க வேண்டும். வேளைக்கு ஐந்தாறு முறை, நாளுக்கு மூன்று நான்கு வேளை. மேலாகத் தடவினால் பயனில்லை. அழுத்தம் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் நேரில் பழகிக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் வழி திறந்துவிடும். திறக்காவிட்டால், சிறிது நேரம் மயக்கம் கொடுத்து, மெல்லிய கம்பியால் சவ்வைத் திறந்துவிடுவார்கள். சில நிமிட வேலைதான்.

ஆனால் குழந்தைக்கு வெளிச்சத்தில் கண் கூசினாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ காத்திருக்காதீர்கள். அது கண்ணழுத்த நோயாக இருக்கலாம். மூக்கோரம் சிவந்து வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மற்றபடி, பால் கொடுக்கும் வேளையோடு இந்த விரல் வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மறக்காது.