ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது?

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியது)



காலையில் டிபன் சாப்பிடும்போதே மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்: "ஏம்ப்பா, கரெண்டு காரு வாங்கிட்டியாமே, நாங்களும் வாங்கலாமா?" கையில் இட்லித் தட்டோடு சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வீடு ஆனையூரில். மாநகராட்சியோடு 2011-ல் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் தெருவில் இன்னும் 'மதுரைக்குப் போய்ட்டு வர்றேன்'தான். வாரம் மூன்று நாள் அம்மாவை டயாலிசிசுக்கு அழைத்துப்போக வேண்டும். மற்றபடி கடை, பெண்ணின் டியூஷன். நாளைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பழைய டீசல் வண்டி ஒருநாள் செல்லூரில், அம்மா உள்ளே இருக்க, நின்றுபோனது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவன், இனி வாங்குவது நடுவழியில் நிற்காத வண்டியாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன். ஆகவே மின்சாரக் கார் என்றதும் முதலில் பயந்தவன் நான்தான்.

ஹைபிரிட்டைத்தான் முதலில் பார்த்தேன். பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்தது. பிரேக் பிடிக்கையில் வீணாகும் சக்தியைப் பாட்டரியில் சேர்த்து, ஊர்ந்து போகும்போது திருப்பிக் கொடுக்கும். டொயோட்டா 1997-ல் பிரியஸ் காரில் கொண்டுவந்த வித்தை. கோரிப்பாளையம் நெரிசலுக்கென்றே செய்தது மாதிரி! பிளக் தேவையில்லை. நாலுவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போனால் மட்டும் அந்த லாபம் குறையும். வரிதான் இடித்தது. 2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் நாலு மீட்டருக்கு மேற்பட்ட ஹைபிரிட்டுக்கு 40 சதம், மின்சாரக் காருக்கு 5 சதம்.

பிளக்-இன் ஹைபிரிட் இரண்டுக்கும் நடுவே. வீட்டில் சார்ஜ் போட்டு உள்ளூரில் மின்சாரத்தில் ஓட்டலாம், தூரத்துக்குப் பெட்ரோல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் பிளக் போடாவிட்டால் பெரிய பாட்டரியைச் சும்மா சுமக்க வேண்டியதுதான். நம் நாட்டில் இதுவரை பெரும்பாலும் சொகுசுக் கார்களில்தான் வந்திருக்கிறது. நம் பையைப் பார்த்து அதை விட்டுவிட்டேன்.

கடைசியில் ஒரு கணக்குப் போட்டேன். சின்ன மின்சாரக் கார் யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும். 40 கிலோமீட்டருக்கு 6 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்றே வைத்தாலும் 54 ரூபாய். லிட்டருக்கு 16 ஓடும் பெட்ரோல் வண்டிக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 250. லிட்டருக்கு 22 தரும் ஹைபிரிட்டுக்கு 180.

இதில் ஒரு குழி இருக்கிறது, விற்பவர் சொல்ல மாட்டார். இரண்டு மாதத்தில் 50 நாள் ஓட்டினால் 300 யூனிட். வீட்டுக்கு ஏற்கெனவே 250 ஆகிறதென்றால் மொத்தம் 500-ஐத் தாண்டும். தாண்டினால் கட்டண வரிசையே மாறி, வீட்டுச் செலவும் சேர்ந்து ஏறும். ஈ.பி. அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். எர்த்தும் சரியாயிருக்க வேண்டும். என் வீட்டில் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதிதாகப் போட்டேன். அதற்குப் பிறகு போர்ட்டிகோவில் 15 ஆம்பியர் பிளக்கே போதுமாயிருக்கிறது. 24 யூனிட் பாட்டரி, காலியானாலும் ஒரே ராத்திரியில் நிறைந்துவிடுகிறது.

"கொடைக்கானல் போகணும்னா?" என்றான் ஒருவன். வருஷத்துக்கு ஒரு தடவை போவதற்காகவா 364 நாளுக்கும் காசு கொடுப்பது? அதற்கு வாடகைக் கார் எடுப்பேன். மாதம் இருமுறை சென்னைக்கு ஓடும் தோழர்கள் ஹைபிரிட் வாங்குங்கள், தப்பில்லை. அடுக்குமாடியில் சொந்த பார்க்கிங்கும் பிளக் போடச் சங்கத்தின் சம்மதமும் இல்லாதவர்களும் அப்படியே. வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் நான் முடிவெடுத்தேன். தினமும் காலையில் நிறைந்த பாட்டரியோடு கிளம்புவதால் அம்மாவை ஏற்றும்போது அந்தப் பழைய பயம் இல்லை.

வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வாங்க. 70 சதம் சார்ஜ் இருக்கிறது. ஆனையூர் திரும்ப எனக்கு 10 போதும்.