சக்கரத்தின் மேல் ஒரு வீடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



“டெக்சாஸிலிருந்து வந்திருக்கிறாய், மாணவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேசு” என்று செயலாளர் சொன்னார். பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். வேலை வாய்ப்பு, கம்ப்யூட்டர் பற்றியெல்லாம் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் மேடையில் இருக்கிறார்கள். நான் ஒரு விடுமுறையைப் பற்றிப் பேசப் போகிறேன். அதில் நாம் படித்த மின்னியலும் இருக்கிறது, வெப்பவியலும் இருக்கிறது. படிக்காத பாடம் ஒன்றும் இருக்கிறது.

அமெரிக்காவில் ஆர்.வி. என்று ஒரு வண்டி உண்டு. படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும். சில வண்டிகள் தாமாகவே ஓடும். சிலவற்றை ஒரு டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். 2023 ஆகஸ்டில் என் நண்பர் இழுவை வண்டி ஒன்றைக் கொடுத்து உதவினார். நானும் மனைவியும், ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரும் நாலு நாள் கடற்கரைக்குப் போனோம். அத்தைக்கு அப்போது வயது 74. “வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டுப் போறீங்களே மாப்பிள்ளே, நத்தை மாதிரி” என்றார்கள். அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

நாங்கள் போனது டெக்சாஸின் தெற்குப் பகுதி, கார்ப்பஸ் கிறிஸ்டி நகருக்குப் பக்கம். அங்கே பாட்ரே தீவு என்று கடலோரமாகக் கோடு போட்டது போல் நீண்ட மணல் தீவு. அதில் சுமார் 110 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டடமே வராமல் 1962-லிருந்து அரசாங்கம் பாதுகாத்து வருகிறது. அந்தக் காப்பகத்துக்குள்ளும் வண்டி நிறுத்தலாம், ஆனால் மின் இணைப்பு கிடையாது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் வந்து தங்குவார்கள். ஆகஸ்டில் மின்சாரம் இல்லாமல் அங்கே படுப்பதென்பது நடக்காத காரியம். ஆகவே நாங்கள் பக்கத்தில் மின் இணைப்புள்ள ஒரு தனியார் முகாமில் இடம் பிடித்தோம்.

வெயில் என்றால் நமக்குத் தெரியாததா என்று நினைப்பீர்கள். சென்னைவாசிக்குக் கண்டிப்பாகத் தெரியும். வெப்பமானி 33 டிகிரிதான் காட்டும். ஆனால் காற்றில் ஈரம் 65 சதவிகிதம் இருந்தால் உடம்புக்கு அது ஏறக்குறைய 41 மாதிரி. காரணம் எளிது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. அந்த ஊர்க் கடற்கரை காலை பத்து மணிக்கு முன்னாலும் மாலை ஆறு மணிக்குப் பின்னாலும்தான் மனிதர்களுக்கு. மற்ற நேரமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ஏ.சி.யில் இருக்க வேண்டியதுதான்.

இனி கணக்குக்கு வருவோம். எங்கள் வண்டிக்குக் கிடைத்த இணைப்பு 120 வோல்ட், 30 ஆம்பியர். பெருக்கினால் 3,600 வாட். ஏ.சி. ஒன்றே ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும். அது ஓடும்போது வெந்நீர் ஹீட்டரையும் மின்சார அடுப்பையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். அத்தை இரண்டாம் நாளே இதைப் பிடித்துக்கொண்டார்கள். “ரசம் வைக்கப் போறேன், ஹீட்டரை நிறுத்துங்கோ” என்று உள்ளேயிருந்து குரல் வரும். தண்ணீரும் அப்படித்தான். அழுக்குத் தண்ணீர் ஒரு தொட்டியில், கழிவு இன்னொரு தொட்டியில். இரண்டும் நிரம்பினால் நாம்தான் கொண்டுபோய்க் காலி செய்ய வேண்டும். நாலு நாள் அந்த வண்டியில் இருந்தால் போதும், குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கும் பழக்கம் போய்விடும்.

மூன்றாம் நாள் மாலை நாலு மணி. முகாமில் எல்லா வண்டியிலும் ஏ.சி. ஓடுகிறது, சில பெரிய வண்டிகளில் இரண்டு. நம் ஹாஸ்டலில் ராத்திரி டியூப்லைட் மினுக்கு மினுக்கென்று எரியுமே, அதே கதை, லோ வோல்டேஜ்! வோல்டேஜ் குறையக் குறைய, ஓடுகிற கம்ப்ரஸர் மோட்டார் அதே வேலைக்கு அதிகக் கரண்ட் இழுக்கும். அதனால் லைனில் வோல்டேஜ் இன்னும் விழும், மோட்டார் சுருள் சூடேறும். எங்கள் வண்டியில் ஒரு காவல் பெட்டி இருந்தது. 104 வோல்ட்டுக்குக் கீழே போனதும் அது இணைப்பைத் துண்டித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் முகாமுக்கே மின்சாரம் போயிற்று.

தகரமும் ஒட்டுப்பலகையுமாகச் செய்த சின்ன வண்டி. ஏ.சி. நின்றால் வெகு சீக்கிரம் அடுப்பாகிவிடும். அத்தை யோசிக்கவே இல்லை. “உள்ளே என்ன வேலை? கரண்டு போனா திண்ணைக்கு வர வேண்டியதுதானே” என்று பாயை எடுத்துக்கொண்டு வெளியே துணிப் பந்தலின் நிழலில் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு வண்டியாகக் கதவு திறந்தது. மூன்று நாளாக முகம் பார்க்காதவர்கள் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

அத்தைதான் கவனித்தார்கள். “மாப்பிள்ளே, அந்த நாய் வச்சிருக்கிற பெரியவர் இன்னும் வெளியே வரலையே?”

அடுத்த வண்டியில் ஒரு முதியவர் தனியாக இருந்தார். அந்த ஊரில் அழைக்காமல் போய்க் கதவைத் தட்டும் வழக்கம் அவ்வளவாகக் கிடையாது. தூங்குவாராக இருக்கும் என்றேன். “தூங்கினா எழுப்பினதுக்குத் திட்டட்டும், பரவாயில்லை” என்றார்கள்.

மூன்று தடவை தட்டிய பிறகு கதவு திறந்தது. முகம் செக்கச்சிவந்திருந்தது, கை நடுங்கியது. கேட்ட கேள்விக்குப் பதில் நிதானித்து நிதானித்து வந்தது. கரண்ட் இதோ வந்துவிடும் என்று படுத்தவர், எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறார். என் மனைவி 911-க்குப் போன் செய்தாள். நாங்கள் அவரைத் தாங்கிப் பிடித்து நிழலுக்குக் கொண்டுவந்தோம். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறினோம். நினைவு தெளிவாக இருந்ததால் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, இதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, இன்னும் ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்றார்கள். மறுநாள் அவர் திரும்பி வந்து அத்தை கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “இது என்ன சூப்?” என்று கேட்டார்.

கரண்ட் இல்லாதபோது குளிர்ந்த தண்ணீர் ஏது என்று இயந்திரவியல் மாணவர் யாராவது கேட்க வேண்டும். அந்த வண்டியின் குளிர்பெட்டி கேஸ் சுடரில் ஓடுவது. நெருப்பை வைத்துக் குளிர் உண்டாக்கும் முறை அது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்க்குள் சுற்றி வரும். கம்ப்ரஸர் கிடையாது, மோட்டார் கிடையாது. இதை 1922-ல் கண்டுபிடித்தவர்கள் ஸ்டாக்ஹோம் பொறியியல் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள். ஆமாம், மாணவர்கள்! கடைசி பெஞ்சுக்காரர்கள் தைரியமாக இருக்கலாம்.

ஆனால் அந்தப் பெரியவரைக் காப்பாற்றியது குளிர்பெட்டி இல்லை. 1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் ஒரு வெப்ப அலை அடித்தது. சில நாட்களில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். அந்த நகரத்தில் ஆஸ்பத்திரி இருந்தது, ஆம்புலன்ஸ் இருந்தது. கதவைத் தட்ட ஆள்தான் இல்லை.

நம் ஊரும் மாறிவருகிறது. திண்ணை போய் ஃபிளாட் வந்துவிட்டது. நம்மில் பலருடைய பெற்றோர் இங்கே தனியாக இருக்கிறார்கள், நாம் டாலரில் சம்பளம் வாங்கி அவர்களுக்கு ஏ.சி. மாட்டிக் கொடுத்திருக்கிறோம். அது நின்றுபோகிற மதியத்தில் அவர்களை எட்டிப் பார்ப்பது யார்? என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஊரில் தனியாக இருக்கிற நம் பழைய மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நம் பெற்றோர்கள் பட்டியலை எடுங்கள். ஏப்ரல், மே இரண்டு மாதம், மதியத்தில் ஒரு போன், முடிந்தால் ஒரு நடை. அதற்கு ஆகும் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தம்பி தங்கைகளே, நடந்துபோய்க் கதவைத் தட்ட மட்டும் நீங்கள் வேண்டும். தூங்கினால் எழுப்பினதற்குத் திட்டட்டும், பரவாயில்லை.