கார்ட் சொல்லும் கம்ப்யூட்டரும் நம் காதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் சூலக்கரைப் பக்கம் கிடார் சொல்லித்தர ஆளைத் தேடித்தான் பிடிக்கணும். அந்தக் குறையைத் தீர்க்க இப்போது சாஃப்ட்வேர் இருக்கிறது. நெதர்லாந்தில் உருவான 'கார்டிஃபை' அதில் ஒன்று. பாட்டைக் கொடுத்தால் போதும், எந்த இடத்தில் எந்த கார்ட் என்று கட்டம் கட்டமாகக் காட்டிவிடும்.

இது எப்படி வேலை செய்கிறது? 1999-ல் தகுயா ஃபுஜிஷிமா என்ற ஜப்பானியர் ஒரு வழி சொன்னார். ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, 12 ஸ்வரஸ்தானங்களுக்கு 12 பெட்டி வைத்துப் போடணும். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி எல்லாம் ஒரே பெட்டிக்குள். எந்தப் பெட்டிகள் நிரம்புகின்றன என்று பார்த்து கார்டின் பெயரைச் சொல்லணும். அவ்வளவுதான் அடிப்படை.

சிக்கலும் அங்கேதான். சி சிக்ஸ்த் கார்டில் சி, இ, ஜி, ஏ என்று நான்கு ஸ்வரங்கள். ஏ மைனர் செவன்த் கார்டிலும் அதே நான்கு! அடியில் ஒலிக்கும் ஸ்வரம் எது என்பதுதான் இரண்டையும் பிரிக்கும். ஸ்தாயியைக் கலந்துவிட்டால் அந்தத் துப்பு போச்சு.

கிடார் எடுத்த பையன் முதலில் கேட்பது 'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன் நிலாவே'. இல்லையென்றால் 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'. இரண்டுமே இளையராஜா இசை. அவர் பாட்டில் பேஸ் கிடார் தனியாக ஒரு பாட்டே பாடும். அதைக் கேட்காமல் கட்டத்தை மட்டும் பார்த்து வாசித்தால் பாதிப் பாட்டுதான் கைக்கு வரும்.

தம்பிகளே, பாட்டை முதலில் மூன்று தடவை கேளுங்கள். பேஸை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். உங்களுக்குத் தோன்றும் கார்டை நோட்டில் எழுதுங்கள். பிறகு சாஃப்ட்வேரைத் திறங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தில் இரண்டையும் வாசித்துப் பார்த்து, பாட்டோடு ஒட்டுவதை வைத்துக்கொள்ளுங்கள். காது வளர்வது அந்த இடத்தில்தான்.

லேபில் மீட்டர் ரீடிங்கை அப்படியே எழுதினால், "இது சாத்தியமாப்பா?" என்று சார் கேட்பார் இல்லையா? அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். கட்டத்தைப் பார்த்தே பழகியவனுக்கு கரண்ட் போனால் பாட்டும் போய்விடும். காதால் பழகியவன் இருட்டிலும் வாசிப்பான்.