மேல் மாடியில் கேட்காத பேச்சு

(பொன்விழா ஆண்டில் நடைபெற்ற உறுப்பினர் சிறப்புக் கூட்டத்தில், மண்டபச் சீரமைப்புத் துணைக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

அஸ்ஸலாமு அலைக்கும்.

மேல் மாடியில் இருப்பவர்களுக்கு நாங்கள் சொன்ன ஸலாம் கேட்டிருக்கும். அதற்குப் பின்னால் சொன்னது எத்தனை பேருக்குப் புரிந்தது என்பதுதான் இன்றைய பேச்சே.

போன ஆண்டு கல்வி உதவி நிதிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று இதே மேடையிலிருந்து இரண்டு முறை அறிவித்தோம். மேலே உட்கார்ந்திருந்த ஒரு தாய்க்கு "பத்தாம் தேதி" என்பது "பதினெட்டாம் தேதி" என்று கேட்டிருக்கிறது. அவர் பதினைந்தாம் தேதி பாரத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தபோது, நேரம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டோம். அந்தப் பிள்ளைக்கு அந்தப் பருவக் கட்டணம் கிடைக்கவில்லை. "கவனமாகக் கேட்டிருக்க வேண்டாமா ராத்தா?" என்று அவரிடமே கேட்டோம். அப்படிக் கேட்டது எங்கள் துணைக்குழுவில் இருக்கும் ஒருவர்தான். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அதற்கு முன்பும் குறை சொல்லாமல் இல்லை. குறை வந்தபோதெல்லாம் நாம் ஸ்பீக்கர் வாங்கினோம். இரண்டாக இருந்தது நான்கானது, நான்கு ஆறானது. சத்தம் கூடியது, சொல் தெளியவில்லை. சேற்றுத் தண்ணீரில் இன்னும் ஒரு வாளி சேற்றுத் தண்ணீரை ஊற்றிய மாதிரிதான். அப்போதுதான் குழுவில் ஒரு தம்பி, "ஸ்பீக்கரைச் சோதித்தோம், மைக்கைச் சோதித்தோம், மண்டபத்தை யாராவது சோதித்தோமா?" என்று கேட்டார்.

நம் மண்டபம் 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட், இரு பக்கமும் கண்ணாடி. கழுவித் துடைக்க நல்ல மண்டபம். ஆனால் இவை எதுவும் ஒலியை விழுங்காது. சொன்ன சொல் சுவருக்குச் சுவர் பந்து போல அடிபட்டுக்கொண்டே இருக்கும். அது அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து விழும். உயிர் ஓசைகள் நீண்டு முழங்க, மெல்லிய மெய்யோசைகள் அதற்குள் மூழ்கிவிடும். தாய், காய், வாய், பாய் எல்லாம் ஒன்றாகவே கேட்கும்.

இதை முதலில் அளந்து பார்த்தவர் வாலஸ் சபைன் என்ற அமெரிக்க இயற்பியல் ஆசிரியர். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சரிசெய்யச் சொல்லி அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் கையில் இருந்தவை ஓர் ஆர்கன் குழல், ஒரு நேரக் கருவி, இரண்டு காதுகள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்குவார். குழலை ஊதி நிறுத்திவிட்டு, ஒலி காதுக்கு மறையும் வரை நேரம் பார்ப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார். காலி மண்டபத்தில் ஐந்தரை விநாடிக்கு மேல் நீண்ட முழக்கம், மெத்தை கூடக் கூடக் குறைந்துகொண்டே வந்தது. அதிலிருந்து அவர் கண்ட கணக்கு மிக எளிது: மண்டபத்தின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, மண்டபத்திலுள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம் விநாடியில் கிடைக்கும். ஒலி 60 டெசிபல், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எடுக்கும் நேரம்தான் முழக்க நேரம்.

மெத்தைக் கதையைப் படித்ததும் எங்களுக்கும் துணிவு வந்தது. உறுப்பினர் வீடுகளில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இன்னும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு பன்னிரண்டு மெத்தைகளை லாரியில் ஏற்றி வந்தோம். எதிர்க் கடைக்காரர், "சங்கத்தைக் காலி செய்கிறீர்களா பாய்?" என்று கேட்டார். இரவு பதினொரு மணிக்கு மேல் மின்விசிறி, ஏர்கண்டிஷன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பெரிய பலூன்களை ஊதி உடைத்தோம். கைப்பேசியில் பதிவு செய்தோம். சிறிய பலூனில் அடித்தொனி போதாது. இதை மூன்று பலூன் உடைத்த பிறகுதான் கண்டுபிடித்தோம். ஒவ்வொரு முறையும் ஒலி முழுவதும் 60 டெசிபல் இறங்குவதைப் பிடிக்க முடியாது, அதற்கு முன்பே தெருச் சத்தம் மேலே வந்துவிடும். ஆகவே முதல் 5 டெசிபலை விட்டுவிட்டு அடுத்த 20 டெசிபல் இறங்கும் நேரத்தைப் பார்த்து, மூன்றால் பெருக்கிக்கொண்டோம். ஆய்வுக்கூடத்துக்காரர்களும் செய்கிற வழிதான் இது. மண்டபத்தில் ஆறு இடங்களில் எடுத்துச் சராசரி பார்த்தோம்.

காலி மண்டபத்தில் 500 ஹெர்ட்ஸ் தொனியில் எங்களுக்குக் கிடைத்தது 2.6 விநாடி. பேச்சுக்கான மண்டபத்தில் ஒரு விநாடியை ஒட்டி இருந்தால் நல்லது. சபைன் கணக்கைத் திருப்பிப் போட்டால், இவ்வளவு பெரிய மண்டபத்தில் உறிஞ்சும் பரப்பு வெறும் 74 சதுர மீட்டர்.

இங்கே ஒரு பழைய புதிருக்கு விடை கிடைத்தது. மீலாது விழாவுக்கு 200 பேர் வந்தால் பேச்சு ஓரளவு புரிகிறது, செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு 40 பேர் வந்தால் புரிவதில்லை. கூட்டம் குறைந்தால் நன்றாகத்தானே கேட்க வேண்டும் என்று நினைத்தோம். மனிதரும் அவர் உடுப்பும் ஒலியை விழுங்கும்; ஆளுக்கு ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 200 பேர் வந்தால் மண்டபத்தின் உறிஞ்சும் பரப்பு இரட்டிப்புக்கு மேல் ஆகிவிடுகிறது. 40 பேர் வந்தால் 2.1 விநாடிக்குத்தான் இறங்குகிறது. அந்த வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அந்த மெத்தை இரவில், சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெரியவரை வீட்டிலிருந்து அழைத்து வந்தோம். வயது எண்பதைத் தாண்டியவர். இரண்டு ஆண்டுகளாக வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தார். "எனக்குக் காது போச்சு, நான் வந்து உட்கார்ந்து என்ன செய்ய?" என்பார். முதலில் மெத்தை இல்லாமல், அவருடைய வழக்கமான நாற்காலியில் உட்கார வைத்து மேடையிலிருந்து வாசித்தோம். தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், அது மரியாதைக்காக ஆட்டுவது என்று எங்களுக்குத் தெரியும். பிறகு சுவரோரம் மெத்தைகளை நிறுத்திவிட்டு வேறொரு பக்கத்தை வாசித்தோம். நடுவில் நிறுத்தி, "அது தப்பு, அந்த வருஷம் செயலாளர் அவரில்லை" என்றார். வாசித்தது சங்கத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்பு. நாங்கள் வாசித்ததைக் கேட்டதோடு, பிழையையும் பிடித்துவிட்டார்.

மெத்தையைச் சுவரில் நிரந்தரமாக மாட்ட முடியாது; பூச்சி, பூஞ்சணம், தீ எல்லாம் இருக்கிறது. எனவே வியாபாரிகளிடம் போனோம். மூவர் மாதிரிப் பலகைகள் கடன் கொடுத்தார்கள். யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

முதல் வியாபாரியின் பலகை 25 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச், முட்டைத் தட்டு போல மேடு பள்ளமாக இருந்தது. தாளில் "0.9" என்று பெரிதாகப் போட்டிருந்தது; விழும் ஒலியில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கும் என்று பொருள். எந்தத் தொனியில் 0.9 என்று கேட்டோம். பதில் இல்லை. மூன்றாமவர் தந்தது 50 மில்லிமீட்டர் கண்ணாடிக் கம்பளி, துணி போர்த்தியது. அவருடைய தாளில் 125 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு தொனிக்கும் தனித்தனி எண். ஆனால் ஓரிடத்தில் 1.05 என்றிருந்தது. நிர்வாகக் குழுவில் ஒருவர், "நூறு வெள்ளி கொடுத்தால் நூற்றைந்து விழுங்குமோ? இவன்தான் ஏமாற்றுக்காரன்" என்றார். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

விசாரித்தபோது விஷயம் தலைகீழாக இருந்தது. பலகைகளைச் சோதிக்க முழக்க அறை என்று ஒன்று உண்டு. சுவர்கள் கடினமான, ஒலி அடங்கவே அடங்காத பெரிய அறை. காலியாக ஒரு தடவை அளந்து, பிறகு 10 முதல் 12 சதுர மீட்டர் பலகையைத் தரையில் பரப்பி மறுபடி அளப்பார்கள். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து பலகை விழுங்கியதைக் கணக்கிடுவார்கள். ஐஎஸ்ஓ 354 என்ற உலகத் தர விதி இதைச் சொல்கிறது. ஒலி பலகையின் ஓரங்களில் வளைந்து உள்ளே புகுவதால், பலகை தன் பரப்பைவிடப் பெரிதாக நடந்துகொள்ளும். வகுக்கும்போது ஒன்றுக்கு மேல் வந்துவிடும். உண்மையாகச் சோதித்தவரின் தாளில்தான் இந்த 1.05 வரும். சந்தேகப்பட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

ஆனாலும் தாளை நம்பி உங்கள் பணத்தைச் செலவிட எங்களுக்கு மனமில்லை. இரு பலகைகளிலும் இருபது இருபதாக, மொத்தம் 14.4 சதுர மீட்டர், ஒரே இடத்தில் வைத்துப் பலூன் உடைத்தோம். ஸ்பாஞ்ச் வைத்தபோது 2.6 என்பது 2.5 ஆனது. அப்படியென்றால் 500 ஹெர்ட்ஸில் அது விழுங்கியது பத்தில் இரண்டு பங்கு. அடித்தொனியில் ஒன்றுமே மாறவில்லை. கீச்சொலியை மட்டும் தின்றது. அதை வாங்கியிருந்தால் மண்டபம் மந்தமாகியிருக்கும், சொல் தெளிந்திருக்காது. தீப்பிடித்தால் அந்த ஸ்பாஞ்ச் என்ன செய்யும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக் கம்பளியைச் சுவரிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தியபோது 2.2 ஆனது. பத்தில் ஒன்பது. அந்த இடைவெளிக்குக் காசு கிடையாது, ஆனால் அதுதான் பாதி வேலையைச் செய்கிறது: சுவரை ஒட்டி காற்று அசையாது, சற்றுத் தள்ளித்தான் வேகமாக அசையும், அசைகிற இடத்தில் பஞ்சு இருந்தால்தான் பிடிக்கும். இரண்டாம் வியாபாரியின் பலகையும் ஏறக்குறைய இதே அளவு, விலைதான் அதிகம்.

எல்லாச் சுவரையும் பஞ்சால் மூடிவிடலாமே என்று கேட்பீர்கள். அப்படிச் செய்தால் மேடைப் பேச்சு பாதி வழியிலேயே செத்துவிடும். பின்சுவருக்கு வேறு நோய். மேடையில் நின்று ஒரு கை தட்டினால், ஒலி போய்த் திரும்ப 36 மீட்டர், பத்தில் ஒரு விநாடி கழித்து அறைந்தாற்போல் திரும்பி வரும். பேச்சாளர் தன் குரலைத் தானே கேட்டுத் தடுமாறுவார். அங்கே ஒலியை விழுங்குவதைவிடச் சிதறடிப்பது மேல். மன்பிரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1970களில் இதற்கு ஓர் எண்கணித வழி சொன்னார். நம் வார இறுதி வகுப்புப் பிள்ளைகளே போட்டுக் காட்டினார்கள்: 0 முதல் 6 வரை எண்களை அதே எண்ணால் பெருக்கி, 7 ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 0, 1, 4, 2, 2, 4, 1. அந்த மீதிகளின்படி ஆழமுள்ள பள்ளங்களை மரத்தில் வரிசையாக அமைத்தால், வந்த ஒலி ஒரே திசையில் திரும்பாமல் பல திசைகளில் பிரிந்து போகும். 500 ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்ய மீதி ஒன்றுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். ஆக ஆழமான பள்ளம் 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிதறலை அளக்க ஆய்வுக்கூடத்தில் மாதிரியைச் சுழல்மேசையில் வைத்துச் சிறிது சிறிதாகத் திருப்பி அளப்பார்கள். திருப்பத் திருப்ப மாறாமல் இருப்பது நேராகத் திரும்பிய ஒலி, மாறிக்கொண்டே இருப்பது சிதறிய ஒலி. நம்மிடம் சுழல்மேசை இல்லை. நூலகத்துப் புத்தக அலமாரிகளை, குட்டையும் நெட்டையுமான புத்தகங்களோடு, பின்சுவரில் வரிசையாக நிறுத்திக் கை தட்டினோம். முழக்க நேரம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் அந்த அறைச்சத்தம் உடைந்துவிட்டது. தச்சு வேலை அறிந்த நம் உறுப்பினர்கள் இருவர், மரத்தை மட்டும் வாங்கிக் கொடுத்தால் கூலியில்லாமல் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் முன் வைப்பது இதுதான். 40 பேர் வகுப்பிலும் 1.2 விநாடி வர, நல்ல பலகையில் 77 சதுர மீட்டர் வேண்டும். ஏறக்குறைய 107 பலகைகள். பக்கச் சுவர்களிலும், மேல் மாடியின் அடிப்பாகத்திலும், மாடிக்குள் பின்புறத்திலும் பொருத்துவோம். விலைப்புள்ளி உங்கள் கையில் உள்ள தாளில் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கல்வி நிதியில் சேர்க்கலாம் என்று கருதுகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் சொல்வதை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. கல்வி நிதி அறிவிப்பே காதில் விழாமல் ஒரு பிள்ளை விடுபட்டதால்தான் இதைத் தொடங்கினோம் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறோம். முடிவு உங்களுடையது. சிலர் கேட்டார்கள், மண்டபத்தில் கல்யாணம் நடக்கும்போது பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதை இது நிறுத்துமா என்று. நிறுத்தாது. அதற்குக் கதவும் சன்னலும் சுவரும் கனமாக வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு.

வாக்கெடுப்புக்கு முன் ஒரு சோதனை பாக்கி. இதுவரை கீழே மட்டும் அளந்தோம். மேல் மாடியில் ஆட்கள் இருந்து எழுத வேண்டும். வருகிற சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு இருபது தாய்மார்கள், வயது கூடியவர்களும் இளையவர்களுமாக, மேலே வந்து உட்கார வேண்டுகிறோம். மேடையிலிருந்து ஐம்பது சொற்களை வாசிப்போம். கரை, கறை, காது, காடு, பத்து, பட்டு என்று இருக்கும். கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும்; ஊகித்து எழுத வேண்டாம். கடன் பலகைகளோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. பென்சிலும் தாளும் நாங்கள் தருகிறோம், தேநீரும் உண்டு. கல்வி நிதிப் பாரத்தோடு திரும்பிப் போன அந்த ராத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. மெத்தைகளில் இரண்டு இன்னும் சங்கத்துச் சாமான் அறையில் கிடக்கின்றன. ஒன்று நீலக் கோடு போட்டது, இன்னொன்றில் மூலையில் தையல் விட்டிருக்கிறது. உரியவர்கள் கூட்டம் முடிந்ததும் எடுத்துக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறோம். மேலே கேட்கவில்லை என்றால் இன்னொரு முறை சொல்கிறோம்.